கணக்கில் ஏறாத நடை

நான் பிசியோதெரபிஸ்ட். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு என் வேலை கை காலை மடக்கி நீட்டுவது, ஒத்தடம் கொடுப்பது, பயிற்சி சொல்லித் தருவது. ஆனால் பாதி நேரம் நான் அளந்துகொண்டுதான் இருக்கிறேன். முட்டி எத்தனை டிகிரி மடங்குகிறது, ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்கிறார், நாற்காலியிலிருந்து எழுந்து போய்த் திரும்பி வந்து உட்கார எத்தனை விநாடி, ஒரு பையன் வாரத்துக்கு எத்தனை பந்து வீசுகிறான். காலையில் மேற்கு மாம்பலத்தில் பெரும்பாலும் வயதானவர்கள். மாலையில் கிரிக்கெட், தடகளம் என்று ஓடுகிற பிள்ளைகள். இரண்டு கூட்டத்துக்கும் சம்பந்தமே இல்லை என்றுதான் தோன்றும். ஆனால் இரண்டு பக்கமும் ஒரே விஷயம் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது: கருவியிலோ காகிதத்திலோ ஏறாத அசைவை, அந்த மனிதர் செய்யவே இல்லை என்று எல்லோரும் முடிவு கட்டிவிடுகிறார்கள்.

ஆழ்வார்பேட்டையில் ஒரு பாட்டி. கீழே விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து, ஆபரேஷன் முடிந்து, வாக்கர் பிடித்து நடக்கப் பழகியவர். மகன் அமெரிக்காவில். அக்கறையான மகன்; ஒரு ஸ்மார்ட் வாட்ச் வாங்கி அனுப்பி, அதில் ஏறும் கணக்கை அங்கிருந்தே பார்க்கிற மாதிரி ஏற்பாடும் செய்திருந்தார். தினமும் போன் வரும். "ஏம்மா, இன்னிக்கும் எழுந்திருக்கவே இல்லையா?" பாட்டி என்னிடம் அழுதேவிட்டார். "நான் நடக்கறேன்டிம்மா. கூடம், பூஜை ரூம், பாத்ரூம்னு நாள் பூரா நடந்துண்டுதான் இருக்கேன். இது என்னமோ ஒண்ணுமே காட்ட மாட்டேங்கறது."

அவரைக் கூடத்தில் நடக்கச் சொல்லிவிட்டு நானே ஒவ்வோர் அடியாக எண்ணினேன். நான் எண்ணியதில் கால்வாசிகூட வாட்சில் ஏறவில்லை. காரணம் மர்மம் ஒன்றும் இல்லை. இந்தக் கடிகாரங்களுக்குள் ஆக்சிலரோமீட்டர் என்ற சின்ன சில்லு இருக்கிறது. கையின் வேகம் எந்தத் திசையில் எவ்வளவு மாறுகிறது என்பதை அது விநாடிக்குப் பல முறை பதிவு செய்யும். நடக்கும்போது கை வீசுவதால் அந்தப் பதிவில் ஏற்ற இறக்கம் சீராக வரும். ஒரு குறிப்பிட்ட உயரத்தைத் தாண்டிய ஏற்றம் ஒவ்வொன்றையும் ஓர் அடி என்று அது எடுத்துக்கொள்கிறது. வாக்கரைப் பிடித்த கை வீசாது. அதோடு, காலைத் தரையிலிருந்து அதிகம் தூக்காமல் மெல்ல இழுத்து வைக்கிற நடையில் உடம்பு அதிரவும் அதிராது. அதனால் ஏற்றமும் இல்லை, அடியும் இல்லை. சூப்பர் மார்க்கெட்டில் தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு நடந்து பாருங்கள், உங்களுக்கும் இதே கதிதான்.

வாட்சைக் கழற்றிக் கணுக்காலில் கட்டினேன். அதே கூடம், அதே வாக்கர். இந்தத் தடவை அது காட்டிய எண் நான் எண்ணியதுக்குப் பக்கத்திலேயே வந்துவிட்டது. அன்று இரவு மகனிடம் நானே பேசினேன். "சார், அம்மா நடக்கிறாங்க. வாட்சுக்குத்தான் அவங்க நடை தெரியலை." அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டார், "அப்போ பத்தாயிரம் எப்போ மேடம் வரும்?"

நாளுக்குப் பத்தாயிரம் அடி நடக்க வேண்டும் என்ற அந்த எண்ணின் பிறப்பைச் சொல்லியாக வேண்டும். 1964 டோக்கியோ ஒலிம்பிக் முடிந்து ஜப்பானில் நடைப்பயிற்சி மோகம் பரவியிருந்த நேரம். 1965இல் ஒரு நிறுவனம் இடுப்பில் மாட்டிக்கொள்ளும் அடி எண்ணும் கருவி ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்கு வைத்த பெயர் 'மான்போ-கெய்', அதாவது பத்தாயிரம் அடி மானி. பெயர் நிலைத்துவிட்டது, எண்ணும் அதோடு உலகம் சுற்ற ஆரம்பித்தது. 2019இல் அமெரிக்காவில் சராசரி 72 வயதுள்ள 16,741 பெண்களின் இடுப்பில் கருவி கட்டிச் செய்த ஆய்வு வெளியானது. நாளுக்குச் சுமார் 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடம் இறப்பு விகிதம் கணிசமாகக் குறைவாக இருந்தது. ஏறக்குறைய 7,500க்கு மேல் கூடுதல் பலன் எதுவும் தெரியவில்லை. இடுப்பு முறிந்து மீண்டு வரும் எண்பது வயதுப் பாட்டியிடம் பத்தாயிரத்தை எதிர்பார்ப்பது அநியாயம். இதையும் அவரிடம் சொன்னேன். பிறகு அந்தப் போன்கள் நின்றுவிட்டன, அதாவது அந்த மாதிரிப் போன்கள்.

கருவி இல்லாமல் ஆளே அளக்கும் இடத்தில் மட்டும் எல்லாம் சரியாக இருக்கிறதா என்றால், அங்கேயும் கவனம் வேண்டும். இதயம், நுரையீரல் நோயாளிகளுக்கு ஆறு நிமிட நடைச் சோதனை என்று ஒன்று செய்வோம். அமெரிக்கன் தொராசிக் சொசைட்டி என்ற நுரையீரல் மருத்துவ அமைப்பு 2002இல் வெளியிட்ட வழிமுறையைத்தான் பெரும்பாலும் பின்பற்றுகிறோம். 30 மீட்டர் நேரான வராந்தா, இரண்டு முனையிலும் ஒரு கூம்பு. நோயாளி தன் வேகத்தில் போய் வந்து போய் வர வேண்டும். மூச்சு வாங்கினால் நின்று இளைப்பாறலாம், ஆனால் கடிகாரம் நிற்காது. நாம் அவர் கூடவே நடக்கக் கூடாது. நடந்தால் நம் வேகம் அவருக்குத் தொற்றிக்கொள்ளும். ஒவ்வொரு நிமிடமும் என்ன சொல்ல வேண்டும் என்பதுகூட எழுதி வைத்திருக்கிறது. எல்லோரிடமும் அதே வார்த்தை, அதே குரல்.

இவ்வளவு கறார் எதற்கு என்று புதிதாகச் சேரும் பிள்ளைகள் கேட்பார்கள். 1984இல் கனடாவில் இதையே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். நாள்பட்ட இதய, நுரையீரல் நோயாளிகளை ஊக்கச் சொல்லோடும், சொல் இல்லாமலும் நடக்க வைத்தார்கள். ஊக்கம் கொடுத்தபோது சுமார் 30 மீட்டர் கூடுதலாக நடந்தார்கள். நாள்பட்ட நுரையீரல் நோயில், சிகிச்சையால் உண்மையான முன்னேற்றம் என்று நாம் ஏற்கும் குறைந்தபட்ச வித்தியாசமும் கிட்டத்தட்ட அதே 30 மீட்டர்தான். ஒரு மாத மருந்தும் பயிற்சியும் தரக்கூடிய வித்தியாசத்தை, என் குரல் கொஞ்சம் உற்சாகமாக இருந்தாலே காகிதத்தில் கொண்டுவந்துவிட முடியும். அதனால்தான் சோதனை நடக்கும்போது சொந்தக்காரர்களை வெளியே உட்காரச் சொல்கிறேன். ஓரமாக நின்று "இன்னும் கொஞ்சம் வேகமாப்பா, வேகமா!" என்று கத்தும் மகள்களிடம் எனக்குக் கோபமே வராது, அந்தப் பாசத்தை மீட்டர் கணக்கில் எப்படிக் கழிப்பது என்பதுதான் என் பிரச்சினை. சென்னையில் இன்னொரு சிக்கல் இடம். வாடகை இடத்தில் 30 மீட்டர் நேர் வராந்தா எத்தனை கிளினிக்கில் இருக்கிறது? பாதை குட்டையானால் திரும்புவது அதிகமாகும், தூரம் குறையும். ஓரிடத்தில் 15 மீட்டரிலும் வேறோர் இடத்தில் 30 மீட்டரிலும் எடுத்த எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து "முன்னேறியிருக்கிறார்" என்று எழுதுவது நோயாளிக்குச் செய்யும் துரோகம்.

சரி, முட்டிக்கு வருகிறேன். கோனியோமீட்டர் என்று ஒரு சாதனம், இரண்டு கை வைத்த பாகைமானி. தொடை எலும்பின் கோட்டில் ஒரு கை, கெண்டைக்கால் கோட்டில் ஒரு கை. முட்டி மாற்று ஆபரேஷன் முடிந்தவர் 90 டிகிரி மடக்கினால் நாற்காலியில் உட்காரலாம், 110 வந்தால் மிக நல்லது என்று குறிப்பேட்டில் டிக் போட்டுவிடுவோம். அதில் ஒரு தவறும் இல்லை. ஆனால் நம் வீடுகளில் முட்டியின் வேலை நாற்காலியோடு முடிவதில்லை. 2006இல் வெளிவந்த ஓர் ஆய்வில் இந்தியர்கள் 30 பேரின் காலில் உணரிகளைப் பொருத்தி, குத்துக்கால் இடுவது, மண்டியிடுவது, சம்மணம் போடுவது எல்லாவற்றையும் அளந்தார்கள். குதிகாலைத் தூக்கிக் குத்துக்காலிட முட்டி சராசரியாக 157 டிகிரி மடங்க வேண்டியிருந்தது. 110க்கும் 157க்கும் நடுவே கிடக்கிறது கோலம், அம்மி, பந்திப் பாய், கோயில் பிராகாரத்தில் கொஞ்சம் உட்கார்ந்து எழுவது, பழைய வீட்டுக் கழிப்பறை.

செயற்கை முட்டியோடு குத்துக்கால் இட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலானவர்களுக்கு மருத்துவர்கள் வேண்டாம் என்றுதான் சொல்வார்கள். ஆபரேஷனுக்கு முன்னாலேயே அந்த அம்மாவிடம் "தினமும் எதுக்கெல்லாம் தரையில உட்காருவீங்க?" என்று கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும் என்கிறேன். அதைக் கேட்காமல் 110க்கு டிக் போட்டு அனுப்பினால், "எல்லாம் நல்லா இருக்குன்னு சொன்னாங்க, ஆனா என்னால பேத்தி பக்கத்துல உட்கார முடியலையே" என்று வந்து நிற்பார்கள். தரையிலிருந்து எழுவதை அளக்க நல்ல சோதனை ஒன்றும் இருக்கிறது, பிரேசில்காரர்கள் வகுத்தது. உட்கார ஐந்து, எழ ஐந்து, மொத்தம் பத்து மதிப்பெண். கையோ முட்டியோ ஊன்றினால் ஒவ்வோர் ஊன்றலுக்கும் ஒன்று குறையும், தள்ளாடினால் அரை குறையும். 51 முதல் 80 வயது வரையான இரண்டாயிரம் பேரிடம் இதைச் செய்து, பல வருடம் தொடர்ந்து பார்த்ததில், குறைந்த மதிப்பெண் பெற்றவர்களிடம் இறப்பு விகிதம் அதிகமாக இருந்தது. பாயில் உட்கார்ந்து எழுந்தே வளர்ந்த நம்மவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான சோதனை எனக்குத் தெரியவில்லை. விழாமல் பிடித்துக்கொள்ளப் பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கோடம்பாக்கத்திலிருந்து ஓர் அக்கா வருவார். நாலைந்து வீடுகளில் வேலை. சுகர், முட்டி வலி. அவர் கொண்டுவந்த சீட்டில் 'உடற்பயிற்சி: இல்லை' என்று எழுதி, கீழே 'தினமும் 30 நிமிடம் நடக்கவும்' என்றிருந்தது. "நான் எங்கம்மா உட்காருறேன்?" என்றார். நியாயமான கேள்வி. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 'இண்டியாப்' நீரிழிவு ஆய்வு, சென்னையின் மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் முன்னின்று நடத்தியது, 2014இல் உடலுழைப்பு பற்றிய கணக்கை வெளியிட்டது. தமிழ்நாடு உட்பட நான்கு பகுதிகளில் 14,227 பேர்; அவர்களில் 54.4 சதவீதம் பேர் போதிய உடலுழைப்பு இல்லாதவர்கள். ஓய்வு நேரத்தில் விளையாட்டு, உடற்பயிற்சி என்று செய்பவர்கள் பத்து சதவீதத்துக்கும் குறைவு. கவலைப்பட வேண்டிய எண்தான். இதே சென்னை ஃபவுண்டேஷன் நம் ஊர் வேலைகளுக்கு ஏற்ற கேள்வித்தாள் ஒன்றையும் தனியாக உருவாக்கி, ஆக்சிலரோமீட்டரோடு ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறது. அப்படி ஒன்று தேவைப்பட்டதே ஏன்? உலக சுகாதார நிறுவனத்தின் கேள்வித்தாள் தொடர்ச்சியாகப் பத்து நிமிடமாவது செய்த வேலையைத்தான் கேட்கும். பெருக்குவது, பக்கெட் தூக்குவது, மாடி ஏறுவது, குழாயடிக்குப் போய் வருவது என்று துண்டு துண்டாக உழைப்பவரின் நாள் அந்தச் சல்லடையில் நிற்காது. 2020இல் அந்த நிறுவனமே தன் பரிந்துரையிலிருந்து பத்து நிமிட நிபந்தனையை எடுத்துவிட்டது. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பு. அது எத்தனை துண்டாக வந்தாலும் சேரும்.

இடுப்பில் கட்டும் கருவியும் அந்த அக்காவைக் காப்பாற்றாது. அது நடையின் மேல்கீழ் அதிர்வைத்தான் நன்றாகப் பிடிக்கும். குந்தி உட்கார்ந்து தரை துடைத்தபடி நகர்வதில் அந்த அதிர்வு கிடையாது. கையில் தண்ணீர்ப் பக்கெட் இருந்ததா, வெறுங்கையா என்பதும் அதற்குத் தெரியாது. இதையெல்லாம் எழுதி, வேலையிலேயே மிதமான உழைப்பு போதுமான அளவு இருக்கிறது, தேவைப்படுவது தொடைத் தசைக்கு வலுவும் குந்தும் நேரத்தைக் குறைக்க நீளப் பிடி வைத்த மாப்பும்தான் என்று மருத்துவருக்கு ஒரு கடிதம் கொடுத்தேன். மூன்று வீடுகளில் மாப் வாங்கிக் கொடுத்தார்கள்.

உடலுழைப்பையும் நோயையும் சேர்த்துப் பார்க்கும் ஆய்வுத் துறையின் ஆரம்பமே வேலை செய்கிறவர்களின் உடம்பில்தான். பிரிட்டிஷ் ஆய்வாளர் ஜெர்ரி மோரிஸ் 1953இல் லண்டன் பேருந்துக்காரர்களை ஒப்பிட்டு வெளியிட்ட ஆய்வு அது. ஓட்டுநர் நாள் பூராவும் உட்கார்ந்திருப்பார். நடத்துநர் இரட்டை மாடிப் பேருந்தில் ஏறி இறங்கிக்கொண்டே இருப்பார். நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவாக இருந்தது. பிற்பாடு அவர்களின் சீருடைக் கால்சட்டை இடுப்பளவைக்கூட எடுத்துப் பார்த்திருக்கிறார். கருவி இல்லாத காலத்தில் வேலையின் பெயரே அளவுகோலாக இருந்தது. நம்ம ஊரில் அந்த அளவுகோல் செல்லாது. இங்கே பல பேருந்துகளில் நடத்துநர் தன் சீட்டில் இருப்பார், காசும் டிக்கெட்டும் கை மாறிக் கை மாறிப் போய் வரும்.

மாலைப் பிள்ளைகளுக்கு வருகிறேன். விளையாட்டில் அளவு எவ்வளவு நியாயம் செய்யும் என்பதற்கு முரளிதரனின் முழங்கையே போதும். பிறவியிலேயே முழுதாக நிமிராத முழங்கை அது. களத்தில் நின்று பார்த்தவர்களுக்கு எறிவதாகத் தெரிந்தது. உடம்பில் பிரதிபலிக்கும் குமிழ்களை ஒட்டி, பல கேமராக்களால் கோணத்தை எடுத்தபோது வேறு படம் கிடைத்தது. அதைவிடப் பெரிய விஷயம், சுத்தமான ஆக்‌ஷன் என்று பெயரெடுத்த பல பௌலர்களுக்கும் முழங்கை ஓரளவு நிமிர்வது அளந்த பிறகுதான் தெரிந்தது. பந்து வீசும்போது முழங்கை இவ்வளவுதான் நிமிரலாம் என்று சுழலுக்கு 5, மிதவேகத்துக்கு 7.5, வேகத்துக்கு 10 டிகிரி என்றிருந்த வரம்பை 2005இல் எல்லோருக்கும் 15 என்று ஐ.சி.சி. மாற்றியது. அந்தச் சோதனையைச் செய்ய அங்கீகாரம் பெற்ற கூடம் நம் போரூரில், ஸ்ரீ ராமச்சந்திராவிலேயே 2014 முதல் இருக்கிறது.

ஆனால் என்னிடம் வரும் பதினைந்து வயதுப் பையனுக்கு அந்தக் கூடம் தேவையில்லை. வலதுகை வேகப்பந்து, இடுப்புக்கு மேலே இடது பக்கம் வலி. அவன் அப்பா போனில் ஸ்லோ மோஷன் வீடியோ, வேகக் கணக்கு எல்லாம் வைத்திருந்தார். "ஒரு நாளைக்கு எவ்வளவு போடுவே?" என்று கேட்டேன். "அகாடமியில ஆறு ஓவர்தான் மேடம்." வேறு எங்கே போடுவாய் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். காலையில் ஸ்கூல் டீம். சனிக்கிழமை லீக். நெட்ஸில் சீனியர் அண்ணன்களுக்குப் பந்து போட ஆள் இல்லை என்றால் இவன்தான். ஞாயிற்றுக்கிழமை தெருப் பசங்களோடு ரப்பர் பந்து. "அதெல்லாம் கணக்கா மேடம்? அது சும்மா விளையாடறது."

முதுகெலும்புக்கு சும்மா என்று ஒன்று கிடையாது. வேகமாக ஓடி வந்து முன்கால் ஊன்றும் அந்தக் கணத்தில், தரை திருப்பித் தரும் விசை உடல் எடையைப் போல ஐந்து மடங்கைத் தாண்டும். அதே நேரம் முதுகு பின்வளைந்து, பக்கவாட்டில் சாய்ந்து, திருகிக்கொண்டும் இருக்கும். பந்து போடும் கைக்கு எதிர்ப்பக்கம், கீழ் முதுகெலும்பில் ஒரு மெல்லிய பாலம் இருக்கிறது. வளரும் வயதில் அது முழுதாக இறுகியிருக்காது. அங்கேதான் அழுத்த விரிசல் விழும். ஒரு தாளில் நாலு இடத்துக் கணக்கையும் கூட்டிக் காட்டினேன். ஆறு ஓவர் என்று சொன்னது வாரத்தில் சில நூறு பந்துகளாக வந்து நின்றது. அவன் அப்பா தாளை வாங்கி மறுபடி ஒரு தடவை கூட்டிப் பார்த்தார். எம்.ஆர்.ஐ.யில் விரிசலின் ஆரம்பம் தெரிந்தது. சில மாதம் பந்தே தொடக் கூடாது என்றாயிற்று. பையன் தலை நிமிரவே இல்லை.

இங்கிலாந்து கிரிக்கெட் வாரியம் வயதுக்கு ஏற்ப, ஒரு ஸ்பெல்லுக்கும் (இடைவெளி விடாமல் வீசும் ஓவர்கள்) ஒரு நாளுக்கும் இத்தனை ஓவர்தான் என்று பிள்ளைகளுக்கு வரம்பு வைத்திருக்கிறது. நல்ல விதி. ஆனால் பள்ளிக் கோச்சுக்கு அகாடமி தெரியாது, அகாடமிக்குத் தெரு தெரியாது. எல்லாவற்றையும் கூட்டக்கூடிய ஒரே ஆள் அந்தப் பையன்தான். அதனால் என்னிடம் வரும் வேகப்பந்துப் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் ஒரு நாற்பது பக்க நோட்டு. தேதி, இடம், பந்து எண்ணிக்கை, எத்தனை நிமிடம் விளையாடினான், எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று பூஜ்யம் முதல் பத்துக்குள் ஒரு மதிப்பெண். கடைசி இரண்டையும் பெருக்கினால் அன்றைய சுமை. 90 நிமிடம், கஷ்டம் 6 என்றால் 540. கார்ல் ஃபாஸ்டர் என்ற அமெரிக்க ஆய்வாளர் பரவலாக்கிய முறை இது. லட்ச ரூபாய்க் கருவிகள் கட்டிக்கொள்ளும் அணிகள்கூட இதை இன்னும் விடவில்லை. ஓடும் தூரத்தையும் வேகத்தையும் அளக்கும் ஜி.பி.எஸ். பனியன் வாங்கித் தரட்டுமா என்று கேட்கும் பெற்றோரிடம் முதலில் நோட்டைத்தான் கேட்கிறேன். தெருவில் அவன் பனியனைக் கழற்றிவிட்டுத்தான் விளையாடப் போகிறான்.

வீட்டில் வயதானவர் இருக்கிறவர்கள் இதை மட்டும் செய்து பாருங்கள். கூடத்தில் ஆறு மீட்டர் நேராகக் கிடைக்கும் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். முதல் ஒரு மீட்டரும் கடைசி ஒரு மீட்டரும் வேகம் பிடிக்கவும் நிற்கவும். நடுவில் நாலு மீட்டருக்கு இரண்டு கோடு ஒட்டுங்கள். வழக்கமாக நடக்கும் வேகத்தில், வழக்கமான வாக்கரோடோ கைத்தடியோடோ நடக்கச் சொல்லி, நடுப்பகுதியை மட்டும் போன் ஸ்டாப்வாட்சில் எடுங்கள். நாலு மீட்டருக்கு ஐந்து விநாடி என்றால் விநாடிக்கு 0.8 மீட்டர். அதற்குக் கீழே போனால் மருத்துவரிடம் சொல்ல வேண்டிய விஷயம். சாலை சிக்னல்களில் பாதசாரி விநாடிக்கு 1.2 மீட்டர் நடப்பார் என்பது வெகுகாலமாகப் பொறியாளர்கள் வைத்திருக்கும் கணக்கு, 0.8இல் நடப்பவருக்கு 14 மீட்டர் சாலையைக் கடக்க 17 விநாடிக்கு மேல் ஆகும், சிக்னல் அவருக்குப் பன்னிரண்டுதான் ஒதுக்கியிருக்கும். ஒவ்வொரு தடவையும் அதே நேரத்தில் எடுங்கள், வெறுங்கால் என்றால் எப்போதும் வெறுங்கால். பார்க்கின்சன் மாத்திரை போடுகிறவர் என்றால் போட்டு எவ்வளவு நேரமாயிற்று என்பதையும் சேர்த்து எழுதுங்கள்; மாத்திரைக்கு முன்னும் பின்னும் அவர் நடை வேறு வேறாக இருக்கும். மாதம் ஒரு முறை போதும். மாதக் காலண்டரில் அந்தத் தேதிக் கட்டத்திலேயே விநாடியைக் குறித்துவிட்டு, அடுத்த தடவை மருத்துவரைப் பார்க்கும்போது அந்தத் தாள்களையும் ஃபைலோடு எடுத்துப் போங்கள்.